பனிக்கு ஒரு டயர், வெயிலுக்கு ஒரு டயர்: நம் ஊர்க் காருக்கு எது?

மோட்டார் கார் ஒரு காலத்தில் மிராசுதார் வீட்டிலும் டாக்டர் வீட்டிலும் மட்டுமே இருந்தது. இன்று அப்படி அல்ல. பெரம்பலூர் பக்கத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் விளைவிக்கும் விவசாயி வீட்டு வாசலில் கார் நிற்கிறது. அரியலூரில் சிமெண்டு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர் வீட்டு வாசலிலும் கார் நிற்கிறது.

கார் வாங்கும்போது குடும்பமே கூடி உட்கார்ந்து யோசிக்கிறது. என்ன நிறம், என்ன விலை, எத்தனை பேர் உட்காரலாம் என்று பத்து நாள் பேச்சு நடக்கிறது. ஆனால் டயர் தேய்ந்து மாற்றும்போது பத்து நிமிடம்கூட யாரும் யோசிப்பது இல்லை. "எது மலிவு? அதைப் போடு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

இது சரியா?

ஓடும் கார் தரையைத் தொடும் இடம் எவ்வளவு தெரியுமா? ஒரு டயருக்கு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். நான்கு டயருக்கு நான்கு உள்ளங்கை. அப்பா, அம்மா, பாட்டி, குழந்தைகள் எல்லோருடைய உயிரும் அந்த நான்கு உள்ளங்கை ரப்பரின் மேல்தான் போகிறது.

வரி குறைந்தது

டயரைப் பற்றி இப்போது பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் மத்திய அரசு டயர் மீதான ஜி.எஸ்.டி. வரியைக் குறைத்தது. கார் டயருக்கு 28 சதவீதமாக இருந்த வரி 18 சதவீதம் ஆயிற்று. டிராக்டர் டயருக்கு 18 சதவீதமாக இருந்தது 5 சதவீதம் ஆயிற்று. சிறிய கார்களின் வரியும் அதே நாளில் குறைந்தது.

வரி நீங்கலாக ஒரு டயர் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்பு அதற்கு 1,120 ரூபாய் வரி. இப்போது 720 ரூபாய். ஒரு டயருக்கு 400 ரூபாய் மிச்சம். நான்கு டயருக்கு 1,600 ரூபாய் மிச்சம்.

"அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று மொட்டை டயரில் ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு இது நல்ல சந்தர்ப்பம். ஆனால் கடைக்குப் போனால் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. சாதா டயர், எல்லாப் பருவ டயர், குளிர்கால டயர் என்று பல பெயர்கள் காதில் விழுகின்றன. எதை வாங்குவது?

மகன் சொன்ன யோசனை

பெரம்பலூரில் ஒரு வீடு. மகன் கனடாவில் வேலை பார்க்கிறான். அப்பா காருக்கு டயர் மாற்றப் போவதாகப் போனில் சொல்கிறார்.

"அப்பா, நல்ல குளிர்கால டயரா பார்த்துப் போடுங்க. இங்கே அதுதான் உயிரைக் காப்பாத்துது" என்கிறான் மகன்.

மகன் சொல்வதில் பொய் இல்லை. கனடாவில் அது உண்மைதான். ஆனால் பெரம்பலூரில் அது உதவாது. உதவாதது மட்டும் அல்ல, ஆபத்தும்கூட.

ஏன் என்று பார்ப்போம்.

தேங்காய் எண்ணெய் சொல்லும் பாடம்

மார்கழி மாதக் காலையில் தேங்காய் எண்ணெய் சீசாவுக்குள் உறைந்து கிடக்கும். சித்திரை மாதம் அதே எண்ணெய் தண்ணீராக ஓடும். எண்ணெய் ஒன்றுதான். மாறியது சூடுதான்.

ரப்பரும் சூட்டுக்கும் குளிருக்கும் தக்கபடி மாறும். குளிரில் இறுகும். சூட்டில் இளகும். ரப்பர் இறுகிவிட்டால் ரோட்டைப் பற்றிப் பிடிக்காது. பிரேக் போட்டாலும் வண்டி சறுக்கிக்கொண்டே போகும்.

வெப்பம் 7 டிகிரி செண்டிகிரேடுக்குக் கீழே இறங்கினால் சாதா டயரின் பிடிப்பு குறையத் தொடங்கும் என்பது டயர்க்காரர்கள் சொல்லும் கணக்கு. அந்தக் குளிரிலும் இறுகாமல் இருக்கும்படி தனிப் பக்குவத்தில் ரப்பரைக் கலந்து செய்வதுதான் குளிர்கால டயர். அதன் பட்டன்களில் மெல்லிய கீறல்கள் ஏராளமாக இருக்கும். அந்தக் கீறல்கள் பனியைக் கவ்விப் பிடிக்கும்.

பனி நாடுகளில் சட்டம்

குளிர்கால டயர் பிறந்தது பின்லாந்து நாட்டில். 1934-ல் அங்கே லாரிகளுக்கு அதைச் செய்தார்கள். 1936-ல் கார்களுக்கும் செய்தார்கள். வருடத்தில் பல மாதம் பனி மூடிக்கிடக்கும் நாடு அது. தேவைதான் அந்தப் பொருளைப் பிறப்பித்தது.

கனடாவில் மாண்ட்ரியல் நகரம் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் குளிர்கால டயர் இல்லாமல் கார் ஓட்டினால் அபராதம். 2008-ல் இந்தச் சட்டம் வந்தது. இப்போது டிசம்பர் 1-ந் தேதி முதல் மார்ச் 15-ந் தேதி வரை அந்த டயர் கட்டாயம். டொரண்டோ நகரம் இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் கட்டாயம் இல்லை. ஆனால் அந்த டயர் போட்டவர்களுக்கு 2016 முதல் இன்ஷூரன்ஸ் கட்டணத்தில் சலுகை உண்டு. இந்த நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் வருடத்துக்கு இரண்டு தடவை டயர் மாற்றுகின்றன. குளிருக்கு ஒரு ஜோடனை. கோடைக்கு ஒரு ஜோடனை.

ஜெர்மனியிலும் பனி ரோட்டில் போக அதற்குரிய டயர் வேண்டும் என்று 2010-ல் விதி வந்தது. 2024 அக்டோபர் முதல் அங்கே விதி இன்னும் இறுகியது. மலையும் பனிப்பூவும் சேர்ந்த அடையாளம் பொறித்த டயர்தான் குளிர்கால டயராகக் கணக்கில் சேரும்.

எல்லாப் பருவ டயர் என்பது என்ன?

வருடத்துக்கு இரண்டு தடவை டயர் மாற்றுவது செலவு. தொல்லையும்கூட. அதனால் 1977-ல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி எல்லாப் பருவத்துக்குமான டயரைக் கொண்டு வந்தது. கோடைக்கும் ஓடும். லேசான பனிக்கும் ஓடும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது அது.

அதற்கும் மேல் ஒரு படி போய், கடும் பனியிலும் சோதித்துப் பனிப்பூ அடையாளம் பெற்ற டயர்களும் இப்போது உண்டு. அவற்றையும் வருடம் முழுவதும் கழற்றாமல் ஓட்டலாம்.

இங்கே பெரிய வகைக் கார்களின் டயர் ஓரத்தில் "எம்+எஸ்" என்ற எழுத்தைப் பார்க்கலாம். சேறு, பனி என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள் அவை. அந்த எழுத்து இருப்பதால் மட்டும் அது குளிர்கால டயர் ஆகிவிடாது. பட்டன் கொஞ்சம் அகலமான பள்ளம் கொண்டது என்றுதான் பொருள். அதற்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டியது இல்லை.

நம் ஊர்க் கணக்கு

பெரம்பலூரிலும் அரியலூரிலும் 7 டிகிரி குளிர் வருவது இல்லை. மார்கழி விடியலில் போர்வை தேடுகிறோம் என்றாலும், அந்தக் குளிரில் டயர் ரப்பர் இறுகாது. சித்திரை, வைகாசியில் வெப்பம் 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டுகிறது. நண்பகலில் தார் ரோடு அதைவிட எவ்வளவோ அதிகமாகக் கொதிக்கும். செருப்பு இல்லாமல் கால் வைத்தவர்களுக்கு அது தெரியும்.

அந்தக் கொதிக்கிற ரோட்டில் குளிர்கால டயரை ஓட்டினால் என்ன ஆகும்? குளிருக்காக இளகலாகச் செய்த ரப்பர் வெயிலில் இன்னும் இளகிவிடும். சீக்கிரம் தேயும். திருப்பத்தில் வண்டி தள்ளாடும். பிரேக் போட்ட பிறகு நிற்க அதிக தூரம் ஆகும். பணம் கொடுத்து ஆபத்தை வாங்கிய கதை ஆகிவிடும்.

ஊட்டிக்குப் போகிறவர்கள் என்ன செய்வது? அங்கே தை மாத விடியலில் புல்லின் மேல் உறைபனி படிவது உண்டு. ஆனால் வெயில் ஏறியதும் அது கரைந்துவிடும். ரோட்டை மூடும் பனி அங்கே விழுவது இல்லை. நல்ல பட்டன் உள்ள சாதா டயரே போதும். மெதுவாக ஓட்டினால் சரி. காஷ்மீர், மணாலி பக்கம் போகும் வண்டிகள், பனி ரோட்டில் டயரைச் சுற்றி இரும்புச் சங்கிலி கட்டிக்கொண்டு போகின்றன. அந்த வேலை நம் மாவட்டங்களில் இல்லை.

ஆகவே இந்த ஊர்க் காருக்கு வேண்டியது மூன்று. வெயிலைத் தாங்க வேண்டும். மழையில் பிடிக்க வேண்டும். கல்லுக்கும் தூசிக்கும் ஈடு கொடுக்க வேண்டும். இந்திய ரோட்டுக்கென்று செய்த சாதா டயர் இந்த மூன்றையும் மனதில் வைத்துச் செய்யப்படுவதுதான்.

கடல் கொடுத்த சுண்ணாம்பு

அரியலூர் ரோட்டுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்பு இந்தப் பகுதி கடலுக்கு அடியில் கிடந்தது. அந்தக் கடலின் கிளிஞ்சல்களும் படிவங்களும் சேர்ந்து சுண்ணாம்புக்கல் ஆயின. அந்தக் கல்லை நம்பித்தான் சிமெண்டு ஆலைகள் வந்தன. ஆலைகளை நம்பி லாரிகள் வந்தன.

கல் ஏற்றிய லாரி போகும் ரோட்டில் கல் சிதறும். கூர்மையான கல் டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும். பட்டனில் ஏற்பட்ட ஓட்டையைப் பஞ்சர் கடையில் அடைத்துவிடலாம். பக்கச்சுவரில் வெட்டு விழுந்தாலோ, கட்டிபோல் வீங்கினாலோ அந்த டயரை நம்பக் கூடாது. மாற்றிவிட வேண்டும்.

சுண்ணாம்புத் தூசியும் எண்ணெயும் படிந்த ரோட்டில் முதல் மழை விழும் நேரம் இன்னும் மோசம். நன்றாகப் பெய்து கழுவிவிட்டால் பரவாயில்லை. தூறல் மட்டும் விழுந்தால் ரோடு சோப்பு தடவியது போல வழுக்கும். அப்போது வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

மழைதான் நமக்குப் பனி

குளிர் நாட்டுக்காரனுக்குப் பனி எப்படியோ, நமக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழை அப்படி.

டயரில் பள்ளம் பள்ளமாக வெட்டியிருப்பது அழகுக்கு அல்ல. ரோட்டில் நிற்கும் தண்ணீர் அந்தப் பள்ளங்களின் வழியே வெளியே போக வேண்டும். அப்போதுதான் ரப்பர் தரையைத் தொடும். பள்ளம் தேய்ந்துபோனால் தண்ணீர் போக வழி இல்லை. வேகமாகப் போகும் கார் தண்ணீரின் மேல் ஏறி மிதக்கும். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. பிரேக் போட்டாலும் நிற்காது.

புதுக் கார் டயரில் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். அது 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அளவுகோல் எதுவும் வேண்டாம். பள்ளத்துக்குள் குறுக்கே சிறு சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. படிக்காதவர்களும் விரலால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஈரத்தில் டயர் எவ்வளவு பிடிக்கிறது என்பதற்கும் இப்போது சோதனை உண்டு. ஈரப் பிடிப்பு, உருளும் தடை, சத்தம் ஆகிய மூன்றுக்கும் அளவு வகுத்து 2022-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதிதாக வடிவமைக்கும் டயர்களுக்கு அந்த ஆண்டு அக்டோபர் முதல் அது கட்டாயம் ஆயிற்று.

டயர் ஏன் வெடிக்கிறது?

சென்னை–திருச்சி நெடுஞ்சாலை பெரம்பலூர் வழியாகப் போகிறது. தீபாவளி, பொங்கல் என்றால் கார்கள் எறும்புச் சாரிபோலத் தெற்கே போகும். "டயர் வெடித்து கார் கவிழ்ந்தது" என்ற செய்தியைப் படிக்காதவர்கள் இல்லை.

வெயில் மட்டுமே டயரை வெடிக்க வைப்பது இல்லை. பெரும்பாலும் குற்றவாளி, குறைந்த காற்று. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் சுடுகிறது அல்லவா? அதுபோல டயரின் பக்கச்சுவர் உள்ளுக்குள் சூடேறும். அதோடு பாரம் அதிகம், வேகம் அதிகம், ரோடும் கொதிக்கிறது என்றால் முடிவு வெடிப்புதான்.

காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்பு பார்க்க வேண்டும். எத்தனை பவுண்டு வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் டிரைவர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும். குடும்பத்தோடும் மூட்டை முடிச்சோடும் போகும்போது எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கும்.

ஓடி வந்த சூட்டில் காற்று அளவு கொஞ்சம் கூடித்தான் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிடுகிறவர்கள் உண்டு. அது தவறு. வண்டி ஆறியதும் காற்று தேவைக்குக் குறைந்து போயிருக்கும். ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று மறக்காமல் பார்க்க வேண்டும்.

நைட்ரஜன் அடித்தால் டயர் வெடிக்கவே வெடிக்காது என்று சிலர் சொல்கிறார்கள். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அது மந்திரமும் இல்லை. அளவு பார்க்காமல் விட்டால் எந்தக் காற்றும் காப்பாற்றாது.

தமிழ்நாட்டில் 2022-ம் ஆண்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் இடம் இதுதான். இறந்தவர்கள் 17,884 பேர். அத்தனைக்கும் டயர் காரணம் அல்ல. வேகமே பெரிய காரணம். ஆனால் வேகமாகப் போன வண்டியை நிறுத்த வேண்டியதும் டயர்தான்.

வாசலில் பிறக்கும் டயர்

நல்ல டயருக்காக இந்த மாவட்டத்துக்காரர்கள் தூர தேசம் தேட வேண்டியது இல்லை. பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எப். டயர் தொழிற்சாலை இருக்கிறது.

அந்தக் கம்பெனியின் கதையும் சுவையானது. 1946-ல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்பவர் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யத் தொடங்கினார். 1952-ல் பழைய டயருக்குப் புதுப் பட்டன் ஒட்டும் ரப்பர் செய்தார். 1961-ல் டயரே செய்யத் தொடங்கினார்.

இன்று ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், தேர்வாய் கண்டிகை என்று தமிழ்நாட்டின் பல இடங்களில் பல கம்பெனிகள் டயர் செய்கின்றன. எந்தக் கம்பெனி என்பதைவிட, காருக்கு ஏற்ற அளவா, புதிய சரக்கா, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்பதே முக்கியம்.

டயரைப் படிக்கத் தெரிய வேண்டும்

டயரின் பக்கத்தில் அதன் ஜாதகமே எழுதியிருக்கிறது. "165/80 ஆர் 14 85 டி" என்று ஒரு டயரில் எழுதியிருந்தால் பொருள் இது:

165 என்பது அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது, அந்த அகலத்தில் 80 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். ஆர் என்றால் ரேடியல் டயர். 14 என்பது சக்கரத்தின் அங்குல அளவு. 85 என்பது பாரக் குறி. அந்த எண் உள்ள டயர் 515 கிலோ தாங்கும். டி என்பது வேகக் குறி. மணிக்கு 190 கிலோமீட்டர் வரை தாங்கும் என்று பொருள். அந்த வேகத்தில் ஓட்டலாம் என்று பொருள் அல்ல!

இன்னொரு நான்கு எண்ணும் இருக்கும். அதுதான் டயரின் பிறந்த நாள். 2325 என்றால் 2025-ம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. கடைக்காரர் "புதுசு" என்று சொன்னாலும் இந்த எண்ணைப் பார்த்த பிறகே பணத்தை எண்ண வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பழைய டயரிலும் இதைப் பார்க்க வேண்டும். ரப்பர் சும்மா கிடந்தாலும் முதுமை அடையும். ஐந்து வருடம் ஆன டயரை, பட்டன் நன்றாக இருந்தாலும், வருடம் ஒரு தடவை தெரிந்தவர்களிடம் காட்ட வேண்டும். பத்து வருடம் ஆனால் கழற்றிவிட வேண்டும்.

இரண்டு மட்டும் வாங்கினால்?

நான்கு டயரும் மாற்ற எல்லோரிடமும் பணம் இருப்பது இல்லை. இரண்டு மட்டும் வாங்கினால் அவற்றை எங்கே போடுவது?

"முன்னால்தான் என்ஜின் இருக்கிறது. முன்னால் போடு" என்று பலர் சொல்வார்கள். ஆனால் புது டயரைப் பின்னால் போடுவதே நல்லது. மழை ரோட்டில் முன் டயர் வழுக்கினால் கார் நேரே போகும். வேகத்தைக் குறைத்தால் திரும்பவும் பிடிக்கும். பின் டயர் வழுக்கினால் கார் பம்பரமாகச் சுற்றிவிடும். கை தேர்ந்த டிரைவராலும் அதை நிறுத்துவது கடினம்.

ஒரே அச்சில் இருக்கும் இரண்டு டயரும் ஒரே மாதிரியாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் மொட்டை என்று ஓட்டக் கூடாது.

ஐந்து நிமிட வேலை

திங்கள், வெள்ளி என்றால் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோவிலுக்குக் குடும்பம் குடும்பமாகக் காரில் போகிறார்கள். கல்யாணம், காதுகுத்து என்று ஜெயங்கொண்டத்துக்கும் திருச்சிக்கும் போகிறார்கள். புறப்படும் முன் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது வழக்கம்.

பழம் வைக்கக் குனிகிறவர் அப்படியே டயரையும் ஒரு பார்வை பார்க்கலாம். பட்டன் இருக்கிறதா? பக்கத்தில் வெட்டு, வீக்கம் உண்டா? ஆணி குத்தியிருக்கிறதா? காற்று சரியா? ஐந்து நிமிட வேலை.

கனடாவில் இருக்கும் மகனுக்கு அப்பா இனிமேல் இப்படிப் பதில் சொல்லலாம்:

"பனிக்கு ஏத்த டயரை நீ போட்டுக்கோ. வெயிலுக்கும் மழைக்கும் ஏத்ததை நான் போட்டுக்கறேன். ரெண்டு பேரும் வாரா வாரம் காத்து பார்ப்போம்!"